கடலோர வீட்டுக்கு நல்ல பாட்டுச் செற்: பழைய ஜப்பான் அம்ப்பா, புதிய அம்ப்பா, ஆக்டிவ் ஸ்பீக்கரா?

சித்திரை கழிந்த ஒரே மாதத்தில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஆரையம்பதி டீச்சர் அக்காவுக்கு ஓய்வூதியப் பணிக்கொடை கைக்கு வந்திருந்தது. "தம்பி, முப்பது வருசம் பிள்ளைகளின் சத்தத்தையே கேட்டாச்சு. இனி ஆறுதலாக இருந்து பாட்டுக் கேட்கவேணும். எதை வாங்க?" என்றார். கல்முனையில் வங்கி வேலையில் இருக்கும் மருமகன் வாடகை வீட்டுக்காரன். அவன் போனில் படம் படமாக அனுப்பினான். மூன்றாமவர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் செய்யும் என் மச்சான். ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய தம்பி, தன் பெரிய அம்ப்பை (பாட்டின் சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் பெட்டி) வரும்போது கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். கொண்டுவரச் சொல்வதா வேண்டாமா என்று மச்சானுக்குக் குழப்பம்.

மூவருக்கும் தனித்தனியாகத்தான் பதில் சொன்னேன். ஆனாலும் பாதிப் பேச்சு ஒன்றாகவே இருந்தது. இதே யோசனையில் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் எழுதிவைக்கிறேன்.

எனக்கு இது சின்ன வயதுப் பித்து. அப்பாவின் வால்வு ரேடியோவில் நிலையம் சரியாகப் பிடிபடும்போது பச்சைக் கண் ஒடுங்குவதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தேன். நானே செய்த முதல் ஸ்பீக்கர், மண்பானை வாயில் கவிழ்த்துக் கட்டிய நாலு அங்குலக் கூம்பு. 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை போனபோது அந்த ரேடியோ இரவு முழுக்க நனைந்தது. ஒரு கிழமை வெயிலில் வைத்தோம். பிறகு அது பேசவே இல்லை. அதற்குப் பின்னர் எத்தனையோ செற்றுகள் வந்துபோய்விட்டன. கொழும்புக் கடையின் ஏசி அறையில் அரைமணி நேரம் கேட்டு மயங்கி வாங்கியவற்றில் சில, கல்லடிக் காற்றில் இரண்டு மாரிகூடத் தாங்கவில்லை. முதல் நாள் எப்படிக் கேட்கிறது என்பதோடு, ஏழாவது மாரி முடியவும் அப்படியே கேட்குமா என்பதையும் பார்த்துத்தான் இப்போது நான் ஒரு செற்றுக்கு மதிப்புப் போடுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

குரல். சோதித்துப் பார்க்க நான் பேர்பெற்ற இசைத்தட்டு எதையும் எடுத்துப் போவதில்லை. ஒரு வடமோடிக் கூத்தின் ஒத்திகையில், அண்ணாவியாருக்கு (கூத்தைப் பழக்கி நடத்துபவர்) ஆறடி தள்ளி உட்கார்ந்து கையடக்க ரெக்கோர்டரில் பதிந்த பத்து நிமிசம் என்னிடம் இருக்கிறது. அந்த மத்தளம் நேரில் எப்படிக் கேட்டது என்று எனக்குத் தெரியும். தடித்த பக்கத்து அடி 'தொம்' என்று விழுந்து அந்த இடத்திலேயே அடங்கும். பெட்டி சரியில்லை என்றால் அது 'தூம்ம்' என்று இழுபடும். சல்லரியில் முதலில் வெண்கலம் தட்டுப்படும் சத்தம், பிறகு அதன் கார்வை காற்றில் கரைவது என்று இரண்டு கட்டம் உண்டு. மட்டமான ட்வீட்டரில் (உயர்ந்த சுரங்களுக்கான சின்ன ஸ்பீக்கர்) தட்டல் மட்டும் தகரம்போல வரும், கரைவது கேட்காது. வரி முடிந்து அண்ணாவியார் மூச்சை இழுக்கும் இடமும் கேட்கவேண்டும்.

உங்களிடம் இப்படி ஒன்று இல்லாவிட்டால், உங்கள் அம்மாவோ மனைவியோ பேசுவதை நல்ல போனில் ஐந்து நிமிசம் பதிந்துகொண்டு கடைக்குப் போங்கள். தினமும் கேட்கும் குரல் கொஞ்சம் பிசகினாலும் காது உடனே பிடித்துவிடும்.

கரண்ட். நமக்கு வரவேண்டியது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். லைன் முடிகிற ஊர்களில் பொழுதுபட்ட நேரம் விளக்கு மங்குவதைப் பார்த்தாலே எவ்வளவு வருகிறது என்று தெரியும். அதைவிட ஆபத்து, போன கரண்ட் திரும்பி வரும் அந்த நொடி. 2022இல் நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் வெட்டிய காலத்திலும், 2025 பெப்ரவரி 9 அன்று நாடே இருண்டபோதும், பிளக்கைக் கழற்றி வைத்தவர்களின் சாமான் தப்பியது. இதோடு ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உப்பும் ஈரமும். வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. அம்ப்பின் பின்னால் வயர் குத்தும் சொக்கெற்றுகளில் வெள்ளையாகப் பூத்து, பிறகு பச்சையாகும். ஒரு பக்கச் சத்தம் விட்டு விட்டு வருகிறது என்று என்னிடம் கொண்டுவரும் செற்றுகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் வியாதி.

திருத்துபவர். பழுதானால் யாரிடம் கொண்டுபோவீர்கள்? அவருடைய கடை சைக்கிளில் போகும் தூரத்தில் இருக்கிறதா, 300 கிலோமீற்றருக்கு அப்பால் கொழும்பில் இருக்கிறதா? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள்.

முழுச் செலவு. ரூபாயில் விலை எழுதவில்லை. டொலரும் இறக்குமதிக் கட்டுப்பாடும் மாற மாற அந்தக் கணக்கு பழசாகிவிடும். வற் வரி மட்டுமே 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். அதனால் கையிலிருப்பது நூறு பங்கு என்று வைத்து, எத்தனை பங்கு எதற்கு என்றுதான் சொல்லப்போகிறேன்.

## வாங்குவதற்கு முன்: அறையும் எர்த்தும்

எதை வாங்கினாலும், நூறு பங்கில் பதினைந்தை அறைக்கும் கரண்டுக்கும் ஒதுக்கிவிடுங்கள். பலர் இதைக் காதில் வாங்குவதே இல்லை. ஆனால் நான் பார்த்த வீடுகளில் சத்தம் மோசமாக இருந்ததற்குச் செற்றைவிட அறையே அதிக காரணம்.

நம்முடைய அறைகள் சீமெந்துச் சுவர், டைல்ஸ் தரை, வெறும் கண்ணாடி ஜன்னல். நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். 'கிணிங்' என்று ஒரு வால் வந்தால், எத்தனை லட்சத்துச் ஸ்பீக்கரை வைத்தாலும் பாடகரின் ஒவ்வொரு 'ச'வுக்கும் அந்த வால் ஒட்டிக்கொண்டே வரும். தடித்த துணியில் ஜன்னல் சீலை போடுங்கள். மருதமுனைக் கைத்தறியில் தடிப்பான சீலை கிடைக்கிறது, நான் பாவிப்பதும் அதுதான். உட்காரும் கதிரைக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தரையில் மெத்தென்ற விரிப்பு. பின்சுவரில் புத்தக அலுமாரி. புத்தகங்களை ஒரே நேராக அடுக்காமல் உள்ளும் வெளியுமாக வையுங்கள். அப்புறம் மறுபடி கைதட்டிப் பாருங்கள்.

பேஸ், அதாவது அடித்தொனி விசயம் வேறு. நம் வீடுகளில் சாதாரணமான 10க்கு 12 அடி அறையை எடுத்துக்கொள்வோம். 10 அடி அகலம் ஏறத்தாழ 57 ஹேர்ட்ஸில் முழங்கும், 12 அடி நீளம் ஏறத்தாழ 48இல் முழங்கும். பேஸ் கிட்டாரின் திறந்த 'ஏ' கம்பி 55 ஹேர்ட்ஸ். அதற்குக் கீழே வரும் 'ஜி' 49. எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளில் பேஸ் கிட்டார் ஓடி விளையாடும்போது சில சுரங்கள் மட்டும் ஏன் வயிற்றில் இடிக்கின்றன என்றால் இதனால்தான். சின்ன அறைக்குப் பெரிய பெட்டி வாங்கினால் அந்த இடி இன்னும் கூடும். ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டு முழமாவது வெளியே இழுத்து வைப்பது காசில்லாத வைத்தியம்.

எர்த்தை ஒரு எலக்ட்ரீசியனை வைத்து மீற்றரில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எர்த் சரியில்லாத வீட்டில் சேர்ஜ் புரொடெக்டர் (திடீரென்று எகிறும் வோல்ட்டைத் தடுப்பது) அரைவாசி வேலைதான் செய்யும். வோல்ட் கீழே இறங்கும் இடமென்றால் நல்ல ஸ்டெபிலைசரும் வேண்டும். கரண்ட் போனால் பிளக்கைக் கழற்றுங்கள். வந்து ஐந்து நிமிசம் கழித்து மாட்டுங்கள். இடி இடித்தால் ரௌட்டரிலிருந்து வரும் வயரையும் சேர்த்துக் கழற்றவேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவரின் செற் போனது அந்த வயர் வழியாகத்தான்.

## ஒன்று: பாவித்த ஜப்பான் அம்ப், பெரிய பெட்டிகள்

சன்சுயி, பயனியர், கென்வுட், யமஹா. 1970களின் நடுவிலிருந்து ஜப்பான் கம்பனிகள் ஒன்றோடொன்று போட்டி போட்டு அம்ப் செய்த காலம் அது. பயனியர் எஸ்எக்ஸ்-1250 வந்தது 1976இல்; ஒரு பக்கத்துக்கு 160 வாட். உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்போமரின் பாரமும், அலுமினியக் குமிழைத் திருப்பும்போது விரலில் தெரியும் இறுக்கமும் இன்றைய நடுத்தர விலைச் சாமானில் கிடைக்காது. நன்றாக இருக்கும் ஒன்றில் மனிதக் குரல் சதைப்பிடிப்போடு வரும். மத்தளம் அறைக்குள் வந்து நிற்கும். எனக்கு இந்தச் சத்தத்தின் மேல் தீராத ஆசை உண்டு, அதை மறைக்கவில்லை.

ஆனால் மூடியைக் கழற்றிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. போன வருசம் ஒருவர் கொண்டுவந்ததைத் திறந்தேன். ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் தகடுகள்) இடுக்கில் இரண்டு பல்லி முட்டை ஓடு, பவர் போர்ட்டின் குறுக்கே கருகி ஒட்டிய பல்லி ஒன்று, கபாசிற்றர்களின் (மின்னைத் தேக்கும் சின்ன உருளைகள்) அடியில் பழுப்புப் பசை, ஒரு மூலையில் எறும்பு மண். முன்பக்கம் பளபளவென்று மினுக்கி வைத்திருந்தார்கள்.

மறைந்திருக்கும் செலவுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். முதலாவது வோல்ட். ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த செற் 100 வோல்ட்டில் ஓடும். ஏற்றுமதிக்குச் செய்தவற்றில் பலவற்றின் பின்னால் வோல்ட் மாற்றும் தெரிவு இருக்கும். அது இல்லை என்றால் 230ஐ 100 ஆக்கும் ட்ரான்ஸ்போமர் தனியாக வேண்டும். செற் இழுக்கும் வாட்டைப்போல் இரண்டு மடங்கு தாங்குவதாகப் பார்த்து வாங்கவேண்டும், அதுவும் மலிவில்லை. கூடவே நிரந்தரமான ஒரு பயமும் வரும். எங்கள் வீட்டில் ஒரு பொங்கலுக்கு வீடு கழுவித் துடைத்தார்கள். முடிந்ததும் யாரோ ஒரு பிள்ளை அன்பாக எல்லாப் பிளக்கையும் திரும்ப மாட்டிவிட்டது. 100 வோல்ட் அம்ப் நேரே சுவர்ச் சொக்கெற்றில். ஒரு 'டப்', வெள்ளைப் புகை, மூன்று நாள் போகாத எரிந்த வாசனை. இன்றைக்கும் அந்த வாசனை எனக்கு நினைவிருக்கிறது.

இரண்டாவது, கபாசிற்றர். நாற்பது வருசத்துக்கு மேற்பட்டவை உள்ளே காய்ந்திருக்கும். சூடு பத்துப் பாகை கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கு. கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் மூடிய அலுமாரிக்குள் ஓடும் அம்ப்பை நினைத்துப் பாருங்கள். மூன்றாவது, ட்ரான்சிஸ்டர். பழைய அசல் இலக்கங்கள் பல இப்போது உற்பத்தியில் இல்லை. அதே இலக்கம் அச்சடித்த போலிகள்தான் கிடைக்கும். எஸ்டிகே ஐசி (பல ட்ரான்சிஸ்டர்களை ஒரே கட்டியாக அடக்கியது) உள்ள செற்றுகளை நான் தொடுவதே இல்லை, காரணம் இதுதான்.

நான்காவது, பெட்டிகள். கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ஸ்பொஞ்சு என்றால் விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். புட்டுப்போல உதிரும். அதை மாற்றலாம்தான், ஆனால் அந்தச் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். றப்பர் அல்லது துணி வளையம் என்றால் பயம் குறைவு.

என் கணக்கில் நூறு பங்கில் ஐம்பதுக்கு மேல் செற்றுக்குக் கொடுக்கக் கூடாது. முப்பத்தைந்து பங்கைத் திருத்த வேலைக்கும் ட்ரான்ஸ்போமருக்கும் பிடித்துவைக்க வேண்டும். மிச்சப் பதினைந்து, மேலே சொன்ன அறைக்கு.

யாருக்கு இது சரி: விசாலமான ஹோல் இருக்கவேண்டும். பக்கத்தில் பொறுமையான, கைபட்ட ஒரு திருத்துபவர் இருக்கவேண்டும். செற்றைத் துடைப்பதும் திறப்பதும் உங்களுக்கே சந்தோசமான வேலையாக இருக்கவேண்டும். இந்த மூன்றும் இருந்தால் இதற்கு ஈடாக எதையும் சொல்லமாட்டேன். ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

## இரண்டு: புதிய அம்ப், சின்னப் பெட்டிகள்

டெனன் பிஎம்ஏ-600என்இ, மரான்ட்ஸ் பிஎம்6007 போன்றவை 8 ஓமில் ஒரு பக்கத்துக்கு 45 வாட் தருபவை. "பழையது 160, புதியது 45தானா?" என்று மச்சான் கேட்டார். இந்த இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். கெஃப் எல்எஸ்50 மெட்டா ஸ்பீக்கரின் உணர்திறன் 85 டெசிபல். அதாவது ஒரே ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீற்றர் தூரத்தில் 85 டெசிபல் வரும். சின்ன அறையில் ஆறுதலாகப் பாட்டுக் கேட்க அதற்குக் கீழேயே போதும். 45ஐ 90 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டும். காதுக்கு இரண்டு மடங்காகப் பட ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டைப் பார்த்து மலைக்காதீர்கள். வாட்டுக்குக் கொடுக்கும் காசை ஸ்பீக்கருக்குக் கொடுங்கள்.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது, எல்லாம் தனித்தனியாக இருப்பது. அம்ப் பழுதானால் அம்ப் மட்டும் போய் வரும். அதுவரை நண்பர் வீட்டிலிருந்து ஒன்றை இரவல் வாங்கி அதே ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்கலாம். பத்து வருசம் கழித்துப் புதுவகைப் பாட்டு முறை ஏதும் வந்தால், டாக்கையோ (டிஜிட்டல் பாட்டை அம்ப்புக்கு ஏற்ற சமிக்ஞையாக மாற்றுவது) ஸ்ட்ரீமரையோ (இணையத்திலிருந்து பாட்டை எடுத்துத் தருவது) மட்டும் மாற்றினால் போதும். ஸ்பீக்கர் அப்படியே இருக்கும். வளையம் றப்பர் என்றால் உப்புக் காற்றிலும் நீண்ட காலம் நிற்கும்.

மறைந்த செலவு இங்கும் உண்டு. இந்தச் சின்னப் பெட்டிகளை ரிவி மேசையில் வைத்தால் பாதிக் காசு வீண். காது உயரத்துக்கு ஸ்டாண்ட் வேண்டும். நம்மூர்த் தச்சரைக் கொண்டு தேக்கில் செய்வித்தாலும் சரி, பாரமாக இருந்தால் போதும். அப்புறம் வயர். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் வயர் தேவையே இல்லை. 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் போதும். ஆனால் கடலோரத்தில் அதற்கு ஒரு பராமரிப்பு உண்டு. ஒவ்வொரு மாரி முடியவும் கறுத்த நுனியை ஒரு அங்குலம் வெட்டி எறிந்து, புதிதாக உரித்து மாட்டவேண்டும். ஐந்து நிமிச வேலை. நான் தை பிறந்ததும் செய்வேன். முதல் தரம் செய்துவிட்டு அதே பாட்டைத் திரும்பக் கேட்டால் சல்லரியின் கார்வை திரும்பி வந்திருப்பது தெரியும்.

வொறண்டி யார் பேரில் என்பதையும் பாருங்கள். இறக்குமதி முகவரின் வொறண்டி என்றாலும் சாமான் கொழும்புக்குப் போய்வர வேண்டும். உதயதேவி ரயிலிலோ பஸ்ஸிலோ அனுப்ப அட்டைப் பெட்டியும் ரெஜிபோமும் தேவை, ஆகவே அவற்றை எறியாமல் பரணில் வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் சாமானும் இந்த வகைதான். லண்டன், சுவிஸ், வளைகுடாவின் பெரும்பாலான இடங்களிலிருந்து வந்தால் வோல்ட் பொருந்தும், பிளக்கை மாற்றினால் சரி. கனடா, அமெரிக்கா வேறு. அங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். பின்னால் உள்ள தகட்டில் '120வி' என்று மட்டும் இருந்தால் அது நமக்கு ட்ரான்ஸ்போமர் இல்லாமல் ஆகாது. '100 முதல் 240' என்று இருந்தால் ஓடும். விமானத்தில் ஏற்றும் முன்னர் அந்தத் தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அடுத்தது சுங்க வரி. அதையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பங்கு: ஸ்பீக்கருக்கு நாற்பத்தைந்து, அம்ப்புக்கு இருபத்தைந்து, பாட்டு மூலத்துக்கும் (டாக், ஸ்ட்ரீமர் போன்றவை) ஸ்டாண்டுக்கும் பதினைந்து, அறைக்குப் பதினைந்து.

## மூன்று: அம்ப் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கர்

போனில் தொட்டால் பாட்டு வரும். வெளியே ஒரு அம்ப், வயர்க் கட்டு எதுவும் இல்லை. கெஃப் எல்எஸ்50 வயர்லெஸ் 2 போன்றவை மேல்விலை. ஸ்டூடியோக்காரர் பாவிக்கும் யமஹா எச்எஸ்5 போன்றவை அதற்குக் கீழே. சத்தத்தில் குறை சொல்ல மாட்டேன். உண்மையில் ஒரே காசுக்கு முதல் நாள் மிகத் தெளிவாகக் கேட்பது இந்த வகைதான், ஏனென்றால் ஸ்பீக்கருக்கு அளவெடுத்துத் தைத்த அம்ப் உள்ளே இருக்கிறது. எச்எஸ்5இன் பின்னால் பேஸைக் குறைக்கும் சுவிட்ச்சும் உண்டு, சுவரோரம் வைக்கவேண்டிய வீட்டுக்கு அது பெரிய உதவி.

என் கவலை ஏழாவது மாரியைப் பற்றியது. ஒரு மூடிய பெட்டிக்குள் சூடு, அதிர்வு, இலத்திரனியல் மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. உள்ளே ஒரு சின்னச் சிப் போனால் முழு ஸ்பீக்கரும் ஊமை. மேல்விலை வயர்லெஸ் ரகங்களில் போர்டையே மாற்றச் சொல்வார்கள், அந்தப் போர்ட் அப்போது கிடைத்தால். ஆப்புக்குக் கம்பனி எத்தனை வருசம் கைகொடுக்கும் என்பதும் நம் கையில் இல்லை. ஸ்டூடியோ ரகங்கள் இந்த விசயத்தில் எளிமையானவை. உள்ளே வைஃபை இல்லை, ஆப் இல்லை, ஒரு அம்ப்பும் ஸ்பீக்கரும் மட்டும். கல்யாண வீடியோ எடிட் பண்ணும் தம்பிமார் இவற்றை வைத்திருப்பதால் விற்கவும் சுலபம். பாட்டு மூலத்தைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

யாருக்கு இது சரி: வாடகை வீட்டில் இருப்பவர், அடிக்கடி இடமாற்றம் வரும் உத்தியோகத்தர், சின்ன அறையில் மேசைக்கு முன்னால் இருந்து கேட்பவர். கடலிலிருந்து இரண்டாவது தெருவில் ஜன்னலைத் திறந்துபோட்டு வாழ்பவருக்கு மேல்விலை வயர்லெஸ் ரகத்தைச் சொல்ல எனக்கு மனம் வராது.

## ஒரே பார்வையில்

| பார்க்கவேண்டியது | பாவித்த ஜப்பான் செற் | புதிய அம்ப் + ஸ்பீக்கர் | ஆக்டிவ் ஸ்பீக்கர் |
|---|---|---|---|
| குரல், மத்தளம் | நல்ல நிலையில் அபாரம் | மிக நன்று, ஸ்பீக்கரைப் பொறுத்தது | மிகத் தெளிவு |
| அறை அளவு | விசாலமான ஹோல் | சின்னது, நடுத்தரம் | சின்னது |
| வோல்ட் | 100 வோல்ட் ஆபத்து | நம் சந்தைக்கு வந்ததென்றால் பயமில்லை | பயமில்லை, சேர்ஜுக்கு மட்டும் கவனம் |
| உப்பு, ஈரம் | உள்ளே திறந்து துடைக்கவேண்டும் | வயர் நுனி, சொக்கெற் மட்டும் | உள்ளே போனால் தெரியாது |
| திருத்துவது | ஊரிலேயே முடியும், ஆள் வேண்டும் | பகுதி பகுதியாக | முழுப் பெட்டியும் போகவேண்டும் |
| மறைந்த செலவு | கபாசிற்றர், ட்ரான்ஸ்போமர், வளையம் | ஸ்டாண்ட், பாட்டு மூலம் | போர்ட், ஆப் காலாவதி |
| வீட்டில் மற்றவர் பாவிக்க | கொஞ்சம் பயிற்சி வேண்டும் | சுலபம் | மிகச் சுலபம் |

## இரண்டு சின்னக் கேள்விகள்

ஹெட்போன் போதாதா? ஓ/எல் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை அடுத்த அறையில் இருக்கிறது என்றால் போதும், அதுதான் சிறந்தது. அறையின் குறை எதுவும் கேட்காது, கரண்ட் போனாலும் போனில் ஓடும். சென்ஹைசர் எச்டி 600 வந்தது 1997இல். இன்றைக்கும் அதன் காதுப் பஞ்சும் வயரும் தனியாக வாங்கி மாற்றலாம். 300 ஓம் என்பதால் வெறும் போனில் உயிர் வராது, சின்ன டாக் ஒன்று வேண்டும். ஆனால் மணிக்கணக்காகக் கேட்டால் நம் வெக்கைக்குக் காது வேர்க்கும். வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து கேட்கவும் வழியில்லை.

ரெக்கோர்ட் பிளேயர்? ஆசை இருந்தால் வாங்குங்கள், ஆனால் முதல் செற்றாக வேண்டாம். ரெக்கோர்ட்டுகளுக்கு மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். கனடாவிலிருந்து வரும் பழைய பிளேயரில் மோட்டர் 60 ஹேர்ட்ஸுக்குச் செய்ததென்றால், நம் 50 ஹேர்ட்ஸில் தட்டு 33⅓க்குப் பதிலாக நிமிசத்துக்கு ஏறத்தாழ 28 சுற்றுத்தான் சுற்றும். பாடுபவர் தடிமன் பிடித்தவர்போலக் கேட்பார். 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 போன்ற, வேகத்தைப் படிகமே கட்டுப்படுத்தும் குவாட்ஸ் பூட்டுள்ளவற்றுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, வோல்ட்டை மட்டும் பார்த்தால் சரி.

## மூவரும் என்ன செய்தார்கள்

கல்முனை மருமகன் ஸ்டூடியோ ரக ஆக்டிவ் ஸ்பீக்கர் ஒரு சோடியும் சின்ன டாக்கும் எடுத்தான். அவனுக்கு நான் முதலில் சொன்னது வயர்லெஸ் ரகம். வீட்டைப் போய்ப் பார்த்தபின் மாற்றிச் சொன்னேன். கடல் அந்த ஜன்னலிலிருந்து தெரிந்தது.

மச்சான் தம்பியிடம் தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். 120 வோல்ட் மட்டும். அம்ப் ரொறன்ரோவிலேயே இருக்கட்டும் என்று முடிவு. எதையும் வாங்குவதற்கு முன், வீட்டின் எர்த்தை அளந்தோம்; வயர் மண்ணுக்குள் இத்துப்போய் இருந்தது. புதிதாகக் கம்பி அடித்து, ஸ்டெபிலைசரும் வைத்துவிட்டார். அறுவடைக்குப் பிறகு வாங்குவதாகச் சொல்கிறார். அவருடைய ஹோல் பெரியது, செங்கலடியில் நல்ல திருத்துபவரும் இருக்கிறார், ஆகவே ஒரு பழைய ஜப்பான் செற்றை இருவருமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். ஏற்றுமதி ரகமாக, பின்னால் வோல்ட் தெரிவு உள்ளதாக.

டீச்சர் அக்காவுக்கு இரண்டாவது வழி. 45 வாட் அம்ப், றப்பர் வளையமுள்ள சின்ன ஸ்பீக்கர், ஊர்த் தச்சர் செய்த ஸ்டாண்ட். அவர் என்னோடு கொழும்புக் கடைக்கு வந்தபோது போனில் ஒரு பதிவு கொண்டுவந்திருந்தார். வைகாசிக் குளிர்த்திக்குக் கண்ணகி அம்மன் கோயிலில் அவருடைய தாய் பாடிய காவியம், பின்னால் உடுக்கு. மூன்று ஸ்பீக்கரில் அதைத்தான் போட்டுக் கேட்டோம். மூன்றாவதில் உடுக்கின் தோல் இறுகித் தளர்வது தனியாகத் தெரிந்தது. அக்கா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார், "இதுதான் அம்மா" என்றார். விலையைப் பிறகுதான் கேட்டார்.

இப்போது அது ஆரையம்பதி வீட்டு முன் அறையில், மூலையிலிருந்து இரண்டு முழம் தள்ளி நிற்கிறது. தை பிறந்ததும் போய் வயர் நுனியை வெட்டி உரித்துக் கொடுக்கவேண்டும்.